கற்விக் வழியாக

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு லண்டன் ஒரு நகரம் அல்ல, ஒரு வீட்டு வரிசை. ரொறன்ரோவிலிருந்து அங்கே போய் வந்தவரிடம் அரண்மனையைப் பார்த்தீர்களா, ஆற்றுப் பாலத்தைப் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. ரூட்டிங்கில் அக்கா வீட்டுக்குப் போனீர்களா, ஈஸ்ற்ஹாமில் மச்சாள் வீட்டில் சாப்பிட்டீர்களா, ஹரோவில் பெரியப்பாவின் மகன் கூப்பிட்டும் ஏன் போகவில்லை என்றுதான் கேட்பார்கள். ஒரு வீட்டைத் தவறவிட்டால் அந்த வீட்டுக் கலியாணத்துக்கு அழைப்பு வராது. இதெல்லாம் நன்றாகத் தெரிந்த அருள்நாயகிதான், கூடப்பிறந்த அக்கா லண்டனில் இருக்க, அவளுக்கு ஒரு சொல் சொல்லாமல் இங்கிலாந்துக்குப் போய்வரத் திட்டம் போட்டாள். துணிச்சல்காரி என்று நினைக்கவேண்டாம். அக்காவுக்குப் பயந்துதான் சொல்லாமல் போக நினைத்தாள்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு ஜிக்சோ பஸில், துண்டு துண்டாகப் பொருத்தி எடுக்கும் படம். அருள்நாயகிக்கு ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கத்தில் விற்றமின் குளிசைகளைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. ஒரு குளிர்காலம் வேலை குறைந்து அவளை லேஓஃப் பண்ணி வீட்டில் இருத்திவிட்டார்கள். அம்மா யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மகள் நிலாணி, வோபர்னில் யாரோ வீட்டுவாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கி வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஆயிரம் துண்டு. டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற் சாப்பாட்டு மேசை தை மாதம் முழுக்க அந்தத் துண்டுகளுக்கே போய்விட்டது. குடும்பம் சோபாவில் இருந்து சோற்றுக்கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

பொருத்தி முடிய வந்த படம் ஈஸ்ற்போண் என்ற ஆங்கிலேயக் கடற்கரை ஊர். கடலுக்குள் கால் ஊன்றி நீண்டு போகும் பியர் என்ற நடைபாலம், கரையோரம் வெள்ளை வெள்ளையாக ஹோட்டல்கள், கோடுபோட்ட துணிக்கதிரைகள். முன்னால் இரண்டு கதிரைகளில் ஒரு வயதான வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும். முதுகு மட்டும்தான் தெரியும். இருவருக்கும் நடுவில் ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க். அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அதுதான் அருள்நாயகியைப் பிடித்துக்கொண்டது. கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடத்தில் அவளும் கணவன் இரத்தினவேலும் அப்படிச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒருநாளை அவளால் நினைத்தெடுக்க முடியவில்லை. வீட்டில் இருந்தால் ரெலிபோன் அடிக்கும். வெளிக்கிட்டால் அது யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியவீடாக இருக்கும்.

அந்தப் படத்தைப் பசை பூசி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டினாள். அடுத்த வருடம் நிலாணிக்கு வங்கியில் வேலை கிடைத்தது. முதற் சம்பளம் எடுத்த கையோடு, "வெடிங் அனிவேர்சரிக்கு உங்களை அங்க அனுப்பப்போறன், அம்மா. For real!" என்று சுவரைக் காட்டினாள். அருள்நாயகி சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள்.

அப்போதே ரெலிபோனை எடுத்து அக்காவுக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் புனிதவதி அக்காவைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும்.

புனிதவதி அக்கா நல்லவள். நல்லவள் என்றால் எதிரே நிற்கிறவருக்கு மூச்சு முட்டும் அளவுக்கு நல்லவள். கனடாவுக்கு வரும் வழியில் அருள்நாயகி குடும்பம் லண்டனில் அகப்பட்டு எட்டு மாதம் நின்றபோது, தன் பிள்ளைகளைக் கீழே படுக்கவைத்து அறையைக் கொடுத்தவள். வா, இரு, சாப்பிடு, இன்னும் போடு, உந்தச் சட்டையைக் கழற்று, இதைப் போடு என்று அவள் வாயில் வருவதெல்லாம் கட்டளைதான். அந்தக் கோடையில் தங்கச்சி கடல் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் அக்கா சவுத்எண்டுக்கு ஒரு பயணம் வைத்தாள். இரண்டு வான். முப்பது பேர். மூன்று கிடாரம் சாப்பாடு. கார் நிறுத்துமிடத்தில் வானின் பின்கதவைத் திறந்துவைத்து, அக்காவும் தங்கையும் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் சோறு போட்டார்கள். கடல் இவர்களுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. ஒருக்கால் திரும்பிப் பார்க்கலாம் என்று போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கோப்பையை நீட்டினார். வெளிக்கிடும் நேரம் அக்கா, "பாத்தியே கடல்? ஆசை தீர்ந்துதே?" என்று வாய் நிறையக் கேட்டாள். "ஓம் அக்கா" என்றாள் அருள்நாயகி.

ஆகையால் இந்த முறை காதும் காதும் வைத்தாற்போல் காரியம் நடந்தது. மூளை இரத்தினவேலுடையது. டவுண்டவுனில் கார்ப் பார்க் ஒன்றின் பெட்டிக்கடை போன்ற கூண்டுக்குள் நாள் முழுக்க இருப்பவருக்கு யோசிக்க வேண்டிய அளவு நேரம் கிடைத்தது.

"ஹீத்ரோ எயார்போட்டிலை இறங்கினா ஆராவது ஒரு தமிழன் காணுவான். கற்விக்கிலை இறங்குவம். அங்கயிருந்து ரெயின் நேரை ஈஸ்ற்போணுக்குப் போகுது. லண்டனுக்குள்ளை கால் வைக்கத் தேவையில்லை," என்றார்.

"உங்களுக்கு உந்த மூளை இவ்வளவு காலமும் எங்கை இருந்தது?" என்று அருள்நாயகி பகிடி பண்ணினாள்.

ரிக்கெற்றைத் தமிழ் ட்ராவல்ஸ்காரரிடம் எடுக்கவில்லை. அங்கே எடுத்தால் அன்று பின்னேரமே லண்டனில் மூன்று வீட்டில் செய்தி நிற்கும். இங்கே ஆட்கள் லண்டன் சொந்தங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஊறுகாய்ப் போத்தலும் மிளகாய்த்தூள் பாசலும் கொண்டு கதவைத் தட்டுவார்கள். ஸ்காபரோ ரவுண் சென்ரரில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் எடுத்தார்கள். அப்போது வைகாசி. பயணம் ஆடியில். தொழிற்சாலையே ஆடியில் இரண்டு கிழமை பூட்டுவதால் லீவு கேட்கவேண்டிய வேலையும் இருக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மேசையில் அந்த ஊர்தான். நூலகத்திலிருந்து இரத்தினவேல் புத்தகம் எடுத்து வந்தார். கடற்கரை மணல் அல்ல, கூழாங்கல், செருப்பு வேண்டும் என்று வாசித்தார். பியருக்குக் கிழக்கே போகப் போகச் சனம் குறைவு, கரையிலிருந்து சின்னப் படகு ஓடும், தண்ணி வற்றும் நேரமும் ஏறும் நேரமும் நாளுக்கு நாள் மாறும் என்றும் வாசித்தார். நிலாணி ஒரு கெஸ்ற் ஹவுஸுக்கு ரெலிபோன் அடித்து அறை பதிந்தாள். வெள்ளிக்கிழமை அம்மா மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டா என்று சொல்ல, அந்த வீட்டுக்காரி அப்படியானால் பொரித்த தக்காளியும் காளானும் தரலாம் என்றாளாம். "காலமை எழும்பினவுடன தக்காளிப்பழமே?" என்று இரத்தினவேல் முகத்தைச் சுளித்தார். அருள்நாயகிக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருத்தி எழும்பிச் சமைத்து, அவளுக்குக் கொண்டுவந்து வைக்கப்போகிறாள். கெனடி ரோட்டுக் கடையொன்றில் ஓலைத்தொப்பி ஒன்றும் வாங்கினாள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் ரெலிபோன் கோல் வந்தது. வழமையாக அக்கா எடுத்தால் முதற்கேள்வி என்ன சமைத்தாய் என்பது. அன்று அதைக் கேட்கவில்லை.

"பிள்ளை, உனக்கு இந்த வெயிலுக்கு ஒருக்கா வந்திட்டுப் போகேலாதே?" என்றாள். "ஒரு கிழமை எண்டாலும் காணும். சும்மா என்னோடை இருந்திட்டுப் போவன்."

அருள்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பயத்தில் வாய் தன் பாட்டில் ஓடியது.

"எங்கை அக்கா! லீவு தரமாட்டாங்கள். போன வருசம் லேஓஃப் பண்ணினவங்கள். இப்ப லீவெண்டு வாயைத் திறந்தா ஒரேயடியா அனுப்பிப் போடுவாங்கள்."

மறுமுனையில் எங்கேயோ தள்ளுவண்டி ஒன்று உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பிடியே? பாவம், உங்கை உப்பிடியே நடத்துறாங்கள்! சரி பிள்ளை, வேலையை விட்டிடாதை. நான் சும்மாதான் கேட்டனான்."

ரெலிபோனை வைத்த பிறகும் அருள்நாயகி அதன் பக்கத்தில் நின்றாள். அக்கா சும்மா கேட்கிறவள் இல்லை. கேட்கிறவளே இல்லை, வா என்றால் வா, அவ்வளவுதான். அதுவும் சும்மா என்னோடு இரு என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. இது மனதில் தட்டத்தான் செய்தது. தட்டியதை அவள் ஒதுக்கிவிட்டாள். அக்காவுக்கும் வயது போகுது, தனிமையாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எத்தனையோ முறை அவள் நினைவில் திரும்பிப் போய் நின்றது அந்த இடத்தில்தான்.

இரத்தினவேல் ரெயின் நேர அட்டவணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "நீர் சொன்ன பொய் எனக்கே சங்கடமாக் கிடக்கு. இறங்கின கையோடை ஒருநாள் போய்ப் பாத்திட்டு வருவமே? கற்விக்கிலயிருந்து ரூட்டிங்கிலை அக்கா வீடு பெரிய தூரமில்லை."

"ஒருநாள் எண்டு அக்கா வீட்டை போய் ஒருநாளிலை வெளிக்கிட்ட ஆளைக் காட்டுங்கோ பாப்பம். வான் பிடிச்சுப் போடுவா. வேண்டாமப்பா. அடுத்த வருசம் அக்காவிட்டை எண்டே போவம்."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அட்டவணைக்குத் திரும்பிவிட்டார்.

பயணத்துக்குச் சில நாள் இருக்க, காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு அருள்நாயகி சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. அக்காவின் மகன் கேதீஸ்.

"சின்னம்மா," என்றான். "அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா."

ஒரு காலில் சப்பாத்தோடு அருள்நாயகி நிலத்தில் இருந்துவிட்டாள். "என்னடா சொல்லுறாய்? போன மாதம்தானே என்னோடை கதைச்சவ?"

"ஆஸ்பத்திரியிலயிருந்துதான் கதைச்சவ, சின்னம்மா. சித்திரையிலயே கண்டுபிடிச்சவை, ஈரலிலை கான்சர். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு ஒரே பிடிவாதம். தூரத்திலை இருக்கிறவளை ஏன் அந்தரப்படுத்துவான் எண்டுவா. நான்தான் சொன்னனான், சொல்லாட்டிலும் பரவாயில்லை, ஒருக்கா வரச்சொல்லியெண்டாலும் கேளுங்கோ அம்மா எண்டு. கேட்டிட்டு, லீவு குடுக்கிறாங்களில்லையாம், பாவம் எண்டா. அறிஞ்சா வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவாள், வாயைத் திறக்கப்படாதெண்டு எங்களிட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டா."

அருள்நாயகியால் அழக்கூட முடியவில்லை. கேதீஸ் செத்தவீட்டு விபரம் சொல்லிக்கொண்டு போனான். கோடை நெரிசலில் அடுத்த புதன்கிழமைதான் கிரிமற்றோரியத்தில் நேரம் கிடைத்ததாம்.

"நீங்கள் கஷ்டப்படவேண்டாம், சின்னம்மா. லீவுப் பிரச்சினை எங்களுக்குத் தெரியும். இந்த நேரம் ரிக்கெற்றும் கிடைக்காது."

"கிடைக்கும்," என்றாள் அருள்நாயகி. "நான் வாறன்."

புதன்கிழமை, விடுமுறையின் நான்காவது நாள். அன்று பியரின் கடைசி மட்டும் நடப்பதாகத் திட்டம் இருந்தது.

அன்று பின்னேரம் தொடங்கி வீட்டில் ஆட்கள் வந்தபடி. லண்டனிலிருந்து செய்தி இவர்களுக்கு முன்னமே கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. அக்கா கட்டிலில் கிடந்தும் சும்மா கிடக்கவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் என் தங்கச்சிக்கு லீவு கொடுக்கிறார்கள் இல்லை, இல்லாவிட்டால் அவள் பறந்து வந்திருப்பாள் என்று சொல்லியிருக்கிறாள். ஒருவரும் தங்கச்சியைக் குறை சொல்லிவிடக்கூடாது என்று முன்கூட்டியே வேலி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஒரு சொல் கேட்டவுடன ரிக்கெற் எடுத்திட்டா பாருங்கோ," என்று ஐந்தாம் மாடி ரதி அன்ரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "சகோதரம் எண்டா உப்பிடி இருக்கவேணும். வேலை போனாலும் போகட்டுமெண்டு வெளிக்கிட்டிட்டா."

அதே கட்டடத்து நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மனுசரே உவங்கள்? சாகக்கிடக்கிற தமக்கையைப் பாக்க ஒரு கிழமை லீவு குடுக்கேலாதாமோ? தங்கச்சி, நீர் அந்த மனேஜற்றை பேரைத் தாரும். நான் யூனியன்காரரோடை கதைக்கிறன்."

"வேண்டாம் அண்ணை," என்றாள் அருள்நாயகி. அந்த மனேஜர் பாவம், விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று போன கிழமை சிரித்துக்கொண்டு கேட்ட மனிதர். இரத்தினவேல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்த வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் சும்மா இருந்தார்கள். உது எந்த ஊர் என்று யாரோ கேட்டார்கள். சும்மா ஒரு படம் என்றார் இரத்தினவேல்.

எல்லாரும் போன பிறகு நிலாணி கெஸ்ற் ஹவுஸுக்கு அடித்தாள். "She's really sorry, அம்மா. வேற எப்பவெண்டாலும் வரச்சொல்லுறா," என்றாள். பிறகு, "நான் புக் பண்ணியிருக்கக்கூடாது," என்று அழத் தொடங்கினாள். அருள்நாயகி மகளைப் பிடித்துத் தடவினாள். உன்னில் பிழையில்லை என்று சொன்னாள். யாரில் பிழை என்று அவளுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து ஓலைத்தொப்பியை எடுத்து அலுமாரிக்கு மேலே, சுவர்ப்பக்கமாகத் தள்ளி வைத்தாள். அந்த இடத்தில் வெள்ளைச் சேலை போனது.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் கேதீஸ் திரும்ப எடுத்தான்.

"சின்னம்மா, நாளையிண்டைக்கு எத்தினை மணிக்கு ஹீத்ரோவிலை இறங்குறியள்?"

"ஹீத்ரோ இல்லைத் தம்பி. கற்விக்."

"கற்விக்கோ? ஆரும் கற்விக்குக்கு வாறேல்லையே." அவள் வாயைத் திறக்கமுன் அவனே பதிலும் சொல்லிவிட்டான். "அவசரத்திலை கிடைச்சதை எடுத்திருப்பியள். பாவம் சின்னம்மா நீங்கள்."

அத்தோடு தப்பியிருக்கலாம். தப்பிவிட்டோம் என்று அவள் மூச்சும் விட்டாள். கேதீஸ் அடுத்த கதையைத் தொடங்கினான். வியாழக்கிழமை சாம்பல் கைக்கு வந்துவிடும், கடலில் கரைக்கவேண்டும், சவுத்எண்டில் சனம் நெரியும், எங்கே கொண்டுபோவதென்று தெரியவில்லை என்றான். அவனுடைய குரல் முதன்முறையாக உடைந்தது. அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை, தகப்பனும் இல்லாத பிள்ளை, தாயின் சாம்பலுக்கு இடம் தேடிக்கொண்டு நிற்கிறான். அருள்நாயகிக்கு வேறொன்றும் நினைவில் வரவில்லை.

"ஈஸ்ற்போணுக்குக் கொண்டு போவம் தம்பி," என்றாள். "பியருக்குக் கிழக்குப் பக்கம் போனா சனம் இராது. கரை மணல் இல்லை, கல்லு. எல்லாரையும் செருப்போடை வரச்சொல்லு. கரையிலை சின்னப் படகு ஓடும், அவங்களைக் கேட்டா கொஞ்சம் வெளியிலை கொண்டு போவாங்கள். தண்ணி வத்திற நேரம் போகக்கூடாது. முதல்நாளே நேரத்தைப் பாக்கவேணும், ஒவ்வொரு நாளும் மாறும். அமைதியான இடம். வரிசையா வெள்ளைக் கட்டடம். அக்காவுக்கு..."

தான் என்ன சொல்லிக்கொண்டு போகிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"சின்னம்மா," என்றான் கேதீஸ். "உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

இரத்தினவேல் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"கற்விக்," என்றான் அவன், தனக்குள் சொல்வது போல. பிறகு, "நீங்கள் முதலே வர இருந்தனீங்களே?"

"ஓம்."

"அம்மா உங்களோடை கதைக்கேக்கை ரிக்கெற் எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு."

அவன் வீட்டுக் குசினியில் பெண்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. ஏதோ கோப்பை கழுவும் சத்தமும் கேட்டது. அவன் கத்தவேண்டும் என்று அருள்நாயகி விரும்பினாள். நீயும் ஒரு சகோதரியா என்று அவன் கேட்டால் ஓம், இல்லைத்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவன் புனிதவதியின் பிள்ளை.

"ஆருக்கும் சொல்லவேண்டாம், சின்னம்மா," என்றான் கடைசியாக. "அம்மா எல்லாருக்கும் உங்களுக்கு லீவில்லையெண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. அவ சொன்னது அப்பிடியே இருக்கட்டும்."

"சரி தம்பி."

"ஈஸ்ற்போணுக்கே போவம். நான் வான் ரெண்டு பிடிக்கிறன். முப்பது பேராவது வருவினம்." அவன் குரல் திரும்பக் கரகரத்தது. "சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேணும். உதெல்லாம் அம்மாதான் பாக்கிறவ. ஆர் சமைக்கிறதெண்டு..."

"நான் சமைக்கிறன்," என்றாள் அருள்நாயகி. "கிடாரம் மூண்டும் எங்கை கிடக்கெண்டு பாத்துக் கழுவி வை. நானே நிண்டு எல்லாருக்கும் போட்டுக் குடுப்பன்."

ரெலிபோனை வைத்தாள். செய்தி வந்த நாளிலிருந்து வராமல் நின்ற அழுகை அப்போதுதான் வந்தது. இரத்தினவேல் வந்து அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இருவரும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ரெலிபோன் திரும்ப அடித்தது, யாரோ கதவையும் தட்டினார்கள், இருவரும் எழும்பவில்லை.